மச்சாளுக்கு ஒரு ஜீப்

எங்கள் பக்கத்தில் காரைவிட ஒரு முழம் உயரமாக ஓடுகிற எதுவும் ஜீப்தான். எந்த நாட்டில் செய்தது, கொம்பனி அதற்கு என்ன பெயர் வைத்தது என்பதெல்லாம் பதிவுப் புத்தகத்துக்குள் கிடக்கும் விசயங்கள். இதை நான் அதிகாரத்தோடு சொல்லலாம். பிரதேச செயலகத்தில் வாகன அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கவுண்டரில் நெடுங்காலம் இருந்து, பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன் நான். இந்த ஊரில் ஓடிய வாகனங்களில் பாதியை எனக்குத் தெரியும், ஆனால் கடதாசியில் மட்டும். நிறம், இலக்கம், எஞ்சின் வலு எல்லாம் மனப்பாடம். வீதியில் எதிரே வந்தால் ஒன்றையும் அடையாளம் தெரியாது.

அப்படிப்பட்ட நான் ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய ஜீப் வாங்கப் புறப்பட்டதற்குக் காரணம் என் மச்சாள், அதாவது என் மனைவியின் அக்கா.

மச்சாள் இருப்பது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். வவுணதீவு தாண்டி உள்ளே போகிற ஒரு வீதியின் முடிவில் வீடு. வீதியின் இரண்டு பக்கமும் வட்டை. கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல், அதற்கப்பால் வானம். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் வெளிநாட்டில். போன வருடம் மச்சாளின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டன. கிழமைக்கு இரண்டு தரம் டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு தரம் தவறினால் கால் வீங்கும், இரண்டு தரம் தவறினால் மூச்சு முட்டும் என்று டொக்டர் சொன்னார். மூன்றாவதைப் பற்றி அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கல்லடியில் எங்கள் வீட்டில் வந்து இருக்கச் சொல்லிப் பார்த்தோம். ஆஸ்பத்திரி அங்கிருந்து பாலம் தாண்டினால் வந்துவிடும்.

"அம்மா எனக்கு எழுதித் தந்த வீடு இருக்கக்குள்ள, தங்கச்சிக்கு எழுதின வீட்டுல போய் நான் என்னத்துக்குப் படுக்கிற?" என்றார் மச்சாள்.

இதற்கு எதிராக வாதாட எனக்குத் தகுதி இல்லை. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் என்பவன் வந்து சேர்கிறவன். நான் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்த வீட்டில் எனக்கென்று உரித்தானது ஒரு சாய்மனைக் கதிரை. அதுவும் மாமனார் விட்டுப்போனது.

ஆகவே எங்களிடமிருந்த சின்னக் காரில் நானும் மனைவியும் போய் மச்சாளை ஏற்றி வருவோம். அவர் ஒரு சீலைப் பையோடு வருவார். அதற்குள் ஒரு சின்னத் தலையணை, ஒரு போர்வை, ஒரு சுடுதண்ணிப் போத்தல். ஆஸ்பத்திரித் தலையணையில் மற்றவர்களுடைய எண்ணெய் மணக்குமாம். முடிந்து திரும்பியதும் பையை மறக்காமல் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போவார். "காருக்குள்ளேயே கிடக்கட்டுமே அக்கா" என்று மனைவி ஒருமுறை சொன்னபோது, "அடுத்த தரம் வருவன் எண்டு யாரு கண்டா?" என்றார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மாரி தொடங்கிய பிறகுதான் சங்கதி பிழையாகிப் போனது. வட்டைக்கு நடுவே வீதி பதிந்து கிடக்கும் ஓரிடத்தில் மழைத்தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. காரை விட்டேன். கார் பாதிவரை போய் ஒருதரம் இருமிவிட்டு அடங்கிவிட்டது. கதவிடுக்கால் தண்ணீர் வந்தது. மச்சாள் கால் இரண்டையும் சீற்றுக்கு மேல் தூக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார். மச்சாள் பேசாமல் இருந்து நான் கண்டது அன்றைக்குத்தான். கடைசியில் ஒரு ரக்டர் வந்து எங்களை இழுத்தது. ஆஸ்பத்திரியில் பிந்தித்தான் மெசின் கிடைத்தது. கழுத்தில் குழாய் பொருத்திய இடம் நனைந்ததற்குத் தாதி எங்களைச் சேர்த்து ஏசினார்.

அன்று திரும்பும்போது மச்சாள் சொன்னார்: "மச்சான், கேளுங்க. இன்னொருக்கா நடுவழியில வாகனம் நிண்டா, அதோட எனக்குப் போதும். மறுகா என்னக் கூப்பிடப்படாது. நான் என்ட வீட்டுல, என்ட கட்டில்ல கிடக்கிறன்."

"சும்மா கதைக்காதீங்க மச்சாள்."

"நான் எப்ப சும்மா கதைச்ச?"

உண்மைதான். அவர் சொன்னால் செய்கிறவர். அதனால்தான் ஜீப் தேடத் தொடங்கினோம்.

ஒரு பழைய வாகனத்தை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதற்கு என்னிடம் முறை இருந்தது. பதிவுப் புத்தகம், புகைப் பரிசோதனை, காப்புறுதி, லீசிங் பாக்கி, புத்தகத்தில் இருக்கிற செஸி இலக்கமும் இரும்பில் வெட்டியிருக்கிற இலக்கமும் ஒன்றா என்பது, எல்லாவற்றுக்கும் மேலாக எவ்வளவு ஓடியிருக்கிறது என்பது. குறைவாக ஓடியது நல்லது. குறைந்த கைகள் மாறியது அதைவிட நல்லது. இது எனக்கு வேதம்.

முதலில் போனது நாவற்குடாவில் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவரின் வீட்டுக்கு. சீலை போர்த்தி நின்றது ஜீப். வாங்கிய நாள் முதல் அவர் ஒருவரே உரிமையாளர். கடதாசிகளைப் பிளாஸ்டிக் உறைகளில் வருடவாரியாகப் போட்டிருந்தார். நானும் அவரும் ஐந்தே நிமிடத்தில் உறவினர் ஆகிவிட்டோம். மீற்றர் காட்டிய தூரமோ கொழும்புக்குச் சில தரம் போய்வந்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். டோர்ச் அடித்துச் செஸி இலக்கத்தை வாசித்தேன். எழுத்துக்கு எழுத்து சரி. எனக்குக் கண் கலங்காத குறை.

மனைவி ஜீப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. வந்ததும் வீட்டுக்காரியோடு குசினிக்குள் போய்விட்டாள். தேத்தண்ணி குடித்து முடிந்து கேற்றைத் தாண்டியதும், "வேணாம்" என்றாள்.

"என்ன வேணாம்? இப்பிடியொரு வாகனம் இந்த மாவட்டத்திலயே இல்ல."

"அந்த மனுசி அதுல ஏறமாட்டாவாம். மகள்ட கலியாணத்துக்கு மண்டபத்துக்குப் போகக்குள்ள பாலத்துல நிண்டதாம். பட்டுச்சீலையோட இறங்கி ஆட்டோ மறிச்சுப் போனவவாம். அண்டையில இருந்து அதுக்குள்ள கால் வைக்கல்லியாம்."

"அது பற்றரியா இருக்கும்."

"சரி, பற்றரிதான். மறுகா ஏன் அது ஓடல்ல?"

ஓடாத வாகனத்தின் மீற்றர் ஏறாது என்பது என் முறையில் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை.

"வாகனம் எப்பிடியெண்டு நேராவே கேட்டியா?"

"வாகனத்தப் பத்தி ஒண்டும் கேக்கல்ல. எங்கெங்க எல்லாம் போய்வந்தீங்க எண்டு கேட்டன். போன இடத்தச் சொன்னா நிண்ட இடமும் வரும்தானே."

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பிரிவாக வேலை செய்தோம். நான் போர்ட்டிக்கோ, அவள் குசினி. விற்கிற ஆண்கள் எல்லாரும் என்னிடம் ஒரே மந்திரத்தைத்தான் சொன்னார்கள்: ஒரு வேலையும் இல்லை சேர், அடிச்சு ஓட வேண்டியதுதான். குசினியில் கதை வேறாக இருந்தது. வாழைச்சேனைப் பக்கம் பார்த்த ஒரு ஜீப்புக்குள் புதுக் கம்பளம், மல்லிகை வாசம். வீட்டுக்காரி மனைவிக்குச் சுடச்சுட மீன் பொரித்துக் கொடுத்து, இந்த மீன்பெட்டிகள் எல்லாம் அதில்தான் வரும் என்று பெருமைப்பட்டிருக்கிறாள். கம்பளத்தைத் தூக்கினால் உப்புத்தண்ணீர் தின்ற தகரத்துக்கூடாகத் தரை தெரிந்தது. என்னுடைய கடதாசிகளில் அந்த ஜீப்பும் குற்றமற்றதே.

இதற்கிடையில் பக்கத்து வயல்காரர் மச்சாளை ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டுவந்து பெரிய ரோட்டில் விட்டார். குடை, பை, மச்சாள் மூன்றும் குலுங்கிக் குலுங்கி வந்த கதையைக் கேட்டுத் தாதி, இனி இப்படிக் கொண்டுவரக்கூடாது என்று சொல்லிவிட்டார். மச்சாள் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காத்தான்குடியில் ஒரு ஜீப் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். கேற்றுக்கு உள்ளே நின்றதைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். முன் பம்பரில் கீறல், இடப்பக்கக் கதவில் ஓர் எருமை தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்த அடையாளம். மீற்றரைப் பார்த்தேன். அத்தனை பெரிய எண் அச்சுப்பிழையோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். புத்தகத்தில் இருந்தது வேறு யாரோ ஒருவருடைய பெயர். விற்றவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி, பெயர் மாற்றாமலே மடித்து வைத்திருந்தார்கள். சேவைக்காலம் முழுவதும் நான் எதை எதிர்த்துப் போராடினேனோ அத்தனையும் நாலு சில்லில் என் முன்னால் நின்றது.

வாசலுக்கு வந்தவர் ஒரு ரீச்சர். படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தவர். தானே ஓட்டிக்கொண்டு போய்வந்திருக்கிறார். இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே இடமாற்றம் கிடைத்துவிட்டது. கட்டாரிலிருந்து திரும்பிவந்த கணவருக்குச் சின்னக் கார் ஒன்று போதுமாம்.

ரீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க அந்தக் கவுண்டர் சேர்தானே?"

"இருந்தன்."

"ஒரு எழுத்துப் பிழைக்கு என்னத் திருப்பித் திருப்பி அனுப்பினீங்க. கையில புள்ளையோட வெயிலுக்க நிண்டன்."

"படிவம் பிழையெண்டா பிழைதானே, ரீச்சர்."

"பாத்தீங்களா," என்று ரீச்சர் என் மனைவியிடம் முறையிட்டார். "இன்னும் அதே குரல். வீட்டுலயும் இப்பிடித்தானா?"

"வீட்டுல கவுண்டர் எனக்கிட்ட," என்றாள் மனைவி. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

நானும் கணவரும் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் மற்றவர்களைப்போல மந்திரம் சொல்லவில்லை. "சேர், உள்ளதச் சொன்னா, இத விக்கிறதில அவக்கு விருப்பம் இல்ல. ரெண்டு நாளா என்னோட கதைக்கவும் இல்ல," என்றார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு மனைவி தணிந்த குரலில் அக்காவின் கதையைச் சொல்வது கேட்டது. வெளியே வரும்போது ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இதத்தான்," என்றாள் என் மனைவி.

அவளை ஓரமாகக் கூப்பிட்டேன். மீற்றர், கைமாறல், எருமை எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொன்னேன். "சரி, எங்கெங்க நிண்டதாம்?"

"ஒரேயொரு தரம். எண்ணெய் இல்லாத காலத்துல எண்ணெய் முடிஞ்சு. அதுக்கு வாகனத்தக் குறை சொல்லேலா, நாட்டத்தான் சொல்லணும். அவட பள்ளிக்கூடம் அக்காட வீதியில, அந்தப் பள்ளத்துக்கு அங்கால. மாரி முழுக்க அந்தத் தண்ணிக்குள்ளால போய்வந்திருக்கா. பள்ளிக்கூடப் புள்ளைக்குப் பாம்பு கடிச்சும் இதுலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவவாம். புள்ள இப்ப ஏ.எல். படிக்குதாம்."

நான் திரும்பவும் மீற்றரை எட்டிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து ரீச்சரே வழி சொன்னார்: "சேர், வெயிலுக்க ஓடிப் பாத்து வாங்கிற வாகனமில்ல இது. அடுத்த மழைக்குக் கொண்டு போங்க. உங்கட மச்சாள ஏத்திக்கொண்டு தண்ணிக்குள்ளால வாங்க. மறுகா பேசுவம்."

காப்புறுதி யாருடைய பெயரில் இருக்கிறது, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் நான் விளக்கத் தொடங்கினேன். குறைந்தது ஒரு கடிதமாவது எழுதிக் கையெழுத்து வைக்கிறேன் என்றேன்.

"என்னத்துக்கு? ஒரு எழுத்த விட்டுத் தராத மனுசன் என்ட வாகனத்தக் கொண்டு ஓடுவாரா?" என்று ஜீப்பின் திறப்பை நீட்டினார். என் சேவைக்காலத்தில் இப்படி ஒரு நற்சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்த மருத்துவ நாளில் விடியமுன்னமே மழை பிடித்துக்கொண்டது. போகும்போது அந்தப் பள்ளத்தில் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. மச்சாளின் வாசலில் நின்று ஹோர்ன் அடித்தேன். அவர் பையோடு வந்து ஜீப்பை மேலிருந்து கீழே பார்த்தார்.

"என்ன மச்சான், எருமையோட சண்டை பிடிச்சு வாங்கினீங்களா?"

"இன்னும் வாங்கல்ல. ஏறுங்க."

ஏற முடியவில்லை. படி உயரமாக இருந்தது. காலில் வீக்கம் வேறு. மனைவி வீட்டுக்குள் போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்து, பின்னால் நின்று தாங்கிக்கொண்டாள். மூன்றாவது முயற்சியில் மச்சாள் உள்ளே போய் விழுந்தார். "கலியாணப் பொம்புளைய ஏத்தின மாதிரி இருக்கு," என்று மூச்சு வாங்கினார். முக்காலியும் ஏறிக்கொண்டது.

மச்சாளை ஏற்றித் திரும்பி வரும்போது பள்ளம் வேறு இடமாக மாறியிருந்தது. வட்டையும் வீதியும் ஒரே தண்ணீர். மதகின் வெள்ளைக் கட்டைகள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நின்றன. ஜீப்பை இறக்கினேன். கொஞ்சத் தூரம் போனதும் அந்தக் கட்டைகளையும் காணவில்லை. முன்கண்ணாடி முழுவதும் மண்ணிறத் தண்ணீர். என் கால் என்னைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது. ஜீப் நின்றது.

எஞ்சின் அடங்கவில்லை. அடியிலிருந்து ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. அதைக் கேட்கிற நிலையில் நான் இருக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மச்சாள் சீலைப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். வாய் மட்டும்தான் துணிந்த வாய். அன்றைக்கு அப்படிப் பிடித்திருந்ததை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.

"நிண்டிட்டா?" என்றார் மெதுவாக.

"வாகனம் நிக்கல்ல மச்சாள். நான்தான் நிப்பாட்டினன்."

"என்னத்துக்கு?"

"வீதி தெரியல்ல. வீதி தெரியாத இடத்தில வாகனத்தச் செலுத்தப்படாது. அதுதான் முறை."

"அத இந்தத் தண்ணிக்குச் சொல்லுங்க."

பக்கத்து சீற்றிலிருந்து மனைவி சொன்னாள்: "இஞ்சேருங்க, ரீச்சர் சொன்னவ, முதல் கியர்லயே போகட்டாம். கால எடுக்கப்படாதாம். யோசிக்கிறதெண்டா கரையில நிண்டு யோசிக்கட்டாம், நடுவுல யோசிக்கப்படாதாம்."

"இத முதலே சொல்லியிருக்கலாமே."

"முதலே சொன்னா அப்பவும் யோசிப்பீங்க."

முதல் கியரைப் போட்டேன். எந்தப் பக்கம் விடுவதென்று தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளுக்கு மேலால் நீண்டது.

"மச்சான், அங்க ஒரு மருதமரம் தெரியுதா? அதப் பாத்தே போங்க. வீதி மரத்துக்கு இடப்பக்கம். நான் பிறந்த நாள் தொட்டு அது அங்கதான் இருக்கு. எங்கயும் போகாது. இன்னும் கொஞ்சம் இடம்... கிறுகாதீங்க, நேரா. ஓம், அப்பிடித்தான்."

மரத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். தண்ணீர் இரண்டு பக்கமும் விலகிச் சென்றது. எஞ்சினின் சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை. மச்சாள் விரலை நீட்டியபடியே இருந்தார். "இடம்... கொஞ்சம் வலம்... மதகு தாண்டியாச்சு." இனி வரமாட்டேன் என்று சொன்ன மனுசிதான் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நேரம் எனக்கு இது தோன்றவில்லை. மேட்டில் ஏறி நின்ற பிறகு, கண்ணாடியைத் துடைக்கிற சாட்டில் முகத்தைத் துடைத்தபோதுதான் தோன்றியது.

வாவியைக் கடக்கிற வலையிறவுப் பாலத்தில் ஏறியதும் நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை சொல்லப்பட்டால் அது நிறைவேறியதா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"மச்சாள், நடுவழியில நிண்டதுதானே. இப்ப என்ன முடிவு?"

"நான் சொன்னது வாகனம் நிண்டா எண்டு," என்றார் மச்சாள். "மச்சான் நிண்டா எண்டு சொல்லல்ல. மச்சான் நிக்கிறதுக்கெல்லாம் நான் கணக்கு வைக்கிறதெண்டா, எண்டைக்கோ போய்ச் சேந்திருக்கணும்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்று நேரத்துக்கே மெசின் கிடைத்தது. தாதி குழாயைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு நனையல்ல, நல்லம்," என்றார். நான் கீழே வாகனத் தரிப்பிடத்தில் காத்திருந்தேன். மழையில் கழுவப்பட்டு நின்ற அந்த ஜீப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். பெயர் மாற்ற வேண்டிய வேலையை மனதுக்குள் ஒழுங்கு செய்தேன். புத்தகத்தில் பெயருள்ள ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், கையெழுத்துப் பொருந்த வேண்டும், ரீச்சர் விட்ட இடைவெளியை நிரப்ப வேண்டும். இந்தச் சிக்கலுக்குப் பயந்துதான் மற்றவர்கள் இந்த ஜீப்பை வாங்காமல் போயிருக்கிறார்கள். எனக்கு அது பலகாரம். பெயர் மாற்றுகிற நாளில் ரீச்சருடைய படிவத்தை நானே நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் மழை விட்டிருந்தது. திரும்பிப் போகும் வழியில் மச்சாள் தூங்கிவிட்டார். சின்னக் காரில் அவர் ஒருநாளும் தூங்கியதில்லை. பள்ளம் வந்தபோது முதல் கியரைப் போட்டு, மருதமரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்றையும் யோசிக்காமல் தாண்டினேன். அவர் விழிக்கவில்லை.

வாசலில் முக்காலியை வைத்து இறக்கினோம். மனைவி வழமைபோல உள்ளே குனிந்து சீலைப் பையை எடுத்தாள்.

"அது கிடக்கட்டும், புள்ள," என்றார் மச்சாள், திரும்பிப் பார்க்காமலே. "அடுத்த தரத்துக்கு. முக்காலியும் கிடக்கட்டும்."

மனைவி பையைத் திரும்ப வைத்தாள். தலையணையை எடுத்து ஒருதரம் தட்டி, சீற்றின் மூலையில் சரியாகப் பொருத்தினாள். அந்த நேரத்தில் சட்டப்படி அந்த ஜீப் எங்களுடையது அல்ல. ரீச்சருடையதும் அல்ல. புத்தகத்தில் பெயருள்ளவரோ அதை எப்போதோ மறந்திருப்பார். இதையெல்லாம் நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவை மெல்லச் சாத்தினேன்.